ஏழையின் கிண்ணத்திற்கு வேறு அளவுகோலா?

(எல்லவில் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் ஆசிரியரும் வைத்தியத்துறையினரும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றியும் காணியுரிமையைப் பற்றியும் இத்தகைய மேடைகளிற் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் உழைத்துப் பெற்ற கூலியைக் கொண்டு வாங்கியுண்ணும் உணவிலே நஞ்சு கலந்திருக்குமாயின், கூலி உயர்ந்து ஆவதென்ன? நமது குழந்தைகளுக்கு அரசாங்கமே இலவசமாக வழங்கும் மாவிலே அந்நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்று தீர்மானிப்பவர் யார்? இக்கேள்விகளும் அரசியற் கேள்விகளே. ஆதலின் அவற்றையே இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

நஞ்சின் பெயர் அஃப்லாடொக்சின். பெயர் புதிது போலத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. ஈரம் பிடித்த சோளத்திலும், கறுத்துச் சுருங்கிய கச்சானிலும், சரியாகக் காயாத கொப்பறாவிலும், நமுத்த செத்தல் மிளகாயிலும் மஞ்சளும் பச்சையுமாகப் படியும் பூஞ்சணத்தை யாவரும் கண்டிருக்கிறோம். அப்பூஞ்சண வகைகளுள் ஒன்றிரண்டு உமிழும் நஞ்சே இது.

நஞ்சு அறியப்பட்ட வரலாறு

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்திலே வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இலட்சத்துக்கு மேற்பட்டவை இறந்தபின்னும் காரணம் விளங்கவில்லை. அதனால் அதற்கு எக்ஸ் நோய் என்று பெயரிட்டனர். ஆராய்ந்து பார்த்தபோது பிரேசில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கை உண்ட பறவைகளே மாண்டன என்பது வெளிப்பட்டது. பிண்ணாக்கிலே அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் இருந்தது. அதன் பெயரைச் சுருக்கியே நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

வான்கோழிக்கு வந்தது மனிதனுக்கு வராதா? 1974 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில், பான்ஸ்வாரா, பஞ்சமகால் மாவட்டங்களிலே அது வந்தது. காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளத்தைக் காயவைக்க வழியின்றி அப்படியே சேமித்து, அதையே மாதக்கணக்காக உண்டார்கள் பழங்குடி மக்கள். இருநூறு கிராமங்கள் வரையிற் பரவிய அந்நோயில் 397 பேர் மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமுமாக விழுந்தார்கள். 106 பேர் இறந்தார்கள். அவர்கள் உண்ட மிச்சத்தைத் தின்ற வீட்டு நாய்களும் அவ்வாறே மாண்டன. 2004 ஆம் ஆண்டில் கென்யாவிலும் இதே கதை: 317 பேர் நோயுற்றனர், 125 பேர் இறந்தனர். அங்கும் காரணம் ஈரச் சோளமே. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மாண்டவர்கள் யார்? மாற்றுணவு வாங்க வழியற்ற ஏழைகள். அழுகிய தானியமென்று கண்டால் வசதியுள்ளவன் எறிந்துவிடுகிறான்; இல்லாதவன் அதைப் புடைத்துக் குற்றி உண்கிறான்.

இது திடீர் மரணத்தின் கதை. இதனினும் கொடியது சிறுகச் சிறுக உட்புகும் நஞ்சின் கதை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 1987 ஆம் ஆண்டிலேயே அஃப்லாடொக்சினை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதலாம் வகுப்பிற் சேர்த்துவிட்டது. அது தாக்கும் உறுப்பு ஈரல். நஞ்சை முறித்து வெளியேற்றுவதற்கென இயற்கை நமக்கு அளித்த உறுப்பு அதுவே. ஆனால் இந்நஞ்சினை முறிக்க ஈரல் முயலும்போதே அதனினும் கூரிய வடிவமொன்று பிறந்து, உயிரணுவின் மரபுப் பொருளிற் சென்று ஒட்டிக்கொள்கிறது. அணுக்கள் கட்டின்றிப் பெருகாமற் காவல் காக்கும் பி53 என்னும் மரபணுவைக் குறிப்பிட்டதோரிடத்தில் அது சிதைக்கின்றது. காவலன் வீழ்ந்தபின் களவு நடப்பதற்குத் தடையேது?

ஷாங்காய் நகரில் 18,000க்கு மேற்பட்ட ஆடவரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1990களில் வெளியாயிற்று. உடலில் அஃப்லாடொக்சினின் தடயம் மட்டும் காணப்பட்டவர்க்கு ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்க்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்திருந்தவர்க்கு ஏறக்குறைய அறுபது மடங்கு. நமது நாட்டில் அக்கிருமி பரவலாக இல்லாமையும், 2003 ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசி ஏற்றப்பட்டு வருவதும் நமது நற்பேறு. ஆயினும் ஒரு கேடு மற்றொரு கேட்டுடன் கைகோத்தால் கணக்கு கூட்டலாக நில்லாது பெருக்கலாகிவிடும் என்னும் பாடத்தை மறத்தல் கூடாது.

மதுவும் அதே ஈரலும்

இவ்விடத்தில் மதுவைப் பற்றிச் சொல்லாது செல்லுதல் நேர்மையாகாது. சாராயமாயினும் பியராயினும் கள்ளாயினும் கசிப்பாயினும், மதுவே முதலாம் வகுப்புப் புற்றுநோய்க் காரணி என 1988 ஆம் ஆண்டில் அதே முகவர் நிலையம் தீர்ப்புக் கூறிவிட்டது. உடலுக்குள் மது அசெற்றல்டிகைட்டு என்னும் பொருளாக மாறுகின்றது. வாயையும் தொண்டையையும் உணவுக்குழாயையும் ஈரலையும் அது கெடுக்கின்றது. இவ்வளவு வரை குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவெதுவுமில்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளிப்படையாகவே அறிவித்தது.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. மது புளித்து வடிக்கப்படும்போது எதைல் காபமேற்று என்னும் பொருள் தானாகவே உண்டாகின்றது. இதுவும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென 2007 ஆம் ஆண்டு முதல் மதிப்பிடப்படுவது. கனடா தேசம் 1985 ஆம் ஆண்டிலேயே இதற்கு எல்லை கட்டிற்று: திராட்சை மதுவில் நூறு கோடிக்கு 30 பங்கு, வடித்த மதுவில் 150 பங்கு, பழச் சாராயங்களில் 400 பங்கு. அங்கே குடிப்பவனுடைய போத்தலுக்குள் இருப்பதையும் ஓர் அதிகாரி அளந்து பார்க்கின்றார். இங்கே லயத்தின் பின்புறத்தில், பற்றைக்குள், தகரப் பீப்பாவில் வடிக்கப்படும் கசிப்பை அளந்தவர் யார்? நமது மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டினது. அதன் பெயரே அதன் நோக்கத்தைக் கூறும். திறைசேரிக்கு வரவேண்டிய வரி தப்பிவிட்டதென்பதற்காகக் கசிப்புப் பீப்பாவை உடைக்கிறார்கள். அதைக் குடித்தவனுடைய ஈரல் எந்தக் கணக்கேட்டிலும் வருவதில்லை. குடியினால் நைந்த ஈரலுக்குப் பூஞ்சண நஞ்சும் சேருமாயின் அதன் கதி யாதென நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள தொடர்பு

இனி நமது மாகாணத்துக்கு வருவோம். ஊவா மாகாணம் இரண்டு மாவட்டங்களாலானது. பதுளை மலை, மொனராகலை பெரும்பாலும் வரண்ட சமவெளி. எல்லக் கணவாயினூடே இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி இறங்கும் வீதி வெல்லவாயவிற் சென்று சேர்கின்றது. நாட்டில் மிகுதியாகச் சோளம் விளையும் மாவட்டங்களுள் மொனராகலையும் ஒன்று. மேலே தேயிலை பறிக்கும் தாயின் குழந்தைக்குக் கீழே சோளம் விளைவிக்கும் கமக்காரன் உணவூட்டுகிறான். இவன் தமிழன், அவன் சிங்களவன் என்று பிரித்துப் பேசுவோர் இந்தத் தொடர்பைக் காண்பதில்லை. சோளக் கொட்டைக்குள் புகுந்த பூஞ்சணமோ எவர் வீட்டுக்குப் போகிறோமென்று கேட்டுப் போவதில்லை.

அச்சோளம் குழந்தையின் கிண்ணத்தை அடையும் வழிகளுள் பிரதானமானது திரிபோஷா. 1973 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமின்களும் கலந்த மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகின்றது. இது நல்ல திட்டம். யார் தாக்கினும் நாம் காக்க வேண்டிய திட்டம். ஏனெனில் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். மூன்று குழந்தைகளில் ஒன்று வளர்ச்சி குன்றியிருக்கும் சமூகத்துக்கு அந்த மாப் பொதி அலங்காரப் பொருளன்று, உயிர்ப்பொருள். பெனின், டோகோ ஆகிய ஆபிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள், அஃப்லாடொக்சின் மிகுந்த உணவையுண்ட குழந்தைகளின் வளர்ச்சியும் குன்றியிருந்ததைக் காட்டின. நஞ்சே வளர்ச்சிக்குறைவுக்குக் காரணமென்று அறிஞர்கள் இன்னும் முடிவாகக் கூறவில்லை. ஆயினும் அந்த ஐயமே நாம் விழித்தெழப் போதுமானது.

2022 ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுகூருங்கள். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். சோள விளைச்சல் வீழ்ந்தது. 2018 ஆம் ஆண்டிலிருந்து படைப்புழுவும் பயிரைத் துளைத்துக்கொண்டிருந்தது. வரட்சியால் வாடிய பயிரிலும் புழு துளைத்த கதிரிலும் பூஞ்சணம் எளிதிற் குடிபுகும். தரமான சோளம் கிடைப்பது அரிதாயிற்று. சிறு குழந்தைகளுக்கான திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. அவ்வாண்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத்தார், திரிபோஷாவில் அளவுக்கு மிஞ்சிய அஃப்லாடொக்சின் இருந்ததெனப் பகிரங்கமாகக் கூறினர். அரச தரப்பார் மறுத்தனர். பின்னர் அனுமதிக்கப்படும் அளவைத் தளர்த்தும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது.

தானியத்தைத் திருத்துவதற்குப் பதில் அளவுகோலைத் திருத்தும் இச்செயலை என்னென்பது? அளவுகள் எவ்வளவு சிறியன என்பதை முதலில் அறிதல் வேண்டும். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் ஆயிரம் தொன் சோளத்தில் ஒரு கிராம் நஞ்சு. குழந்தைகளுக்கான தானிய உணவில் மொத்த அஃப்லாடொக்சின் 5 பங்குக்கு மேற்படலாகாதென்பது சர்வதேச உணவு நியமக் குழுவாகிய கோடெக்சின் விதி. அதே குழு, உணவு உதவித் திட்டங்களின் வழியாகக் கொடுக்கப்படும் குழந்தையுணவுக்கு மட்டும் 10 பங்கு வரை இடங்கொடுக்கின்றது! ஐரோப்பிய ஒன்றியமோ, தன் குழந்தைகளின் உணவில் இந்நஞ்சின் மிகக் கொடிய வகையாகிய பி1 பத்திலொரு பங்குக்கு மேலிருக்கலாகாதென்கின்றது.

பஞ்சகாலத்தில் உணவேயில்லாது போவதினும் சற்றுக் கூடிய நஞ்சு மேலென்று அக்குழு நினைத்திருக்கலாம். அந்நியாயத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் கொடிய பஞ்சத்துக்கு வகுத்த சலுகை, ஆண்டுதோறும் ஒரே மக்களுக்கு நிரந்தர விதியாகிவிடலாமா? கடையில் விலைகொடுத்து வாங்கும் குழந்தைக்கு ஓர் ஈரல், தோட்டத்துச் சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கும் குழந்தைக்கு வேறோர் ஈரலென்று கடவுள் படைக்கவில்லையே!

சட்டம் இருக்கின்றது, கை எங்கே?

சட்டமில்லாமையால் வந்த குறையன்று இது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உடல்நலத்துக்குக் கேடான உணவை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கியுள்ளது. மாதிரி எடுக்கவும் பொருளைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கின்றார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அதிகாரசபை அமைந்துள்ளது. 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் முறையிடலாம்.

சட்டம் விழித்திருந்தால் என்ன நிகழுமென்பதை 2021 மார்ச்சில் கண்டோம். இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் மிகுந்திருந்தமை பரிசோதனையில் வெளிப்பட்டு, அதைத் திருப்பியனுப்பும்படி இறக்குமதியாளர் பணிக்கப்பட்டனர். சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் சுடும் காலமாதலால் நாடே கலங்கிற்று. துறைமுகத்தில் ஒரு கப்பலை நிறுத்துவது எளிது. ஆயிரம் கமங்களிலிருந்து நூறு லொறிகளில் வரும் சோளத்தைச் சோதிப்பது அவ்வளவு எளிதன்று. இந்நஞ்சு சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளுள் ஒன்றிரண்டிலேயே குவிந்திருக்கும். மூட்டையின் மேற்புறத்தில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்துவிட்டு நன்றென்று முத்திரை குத்துவது சோதனையாகாது. பல மூட்டைகளில், பல ஆழங்களில் எடுத்துக் கலந்து அரைத்தே பார்த்தல் வேண்டும்.

கமக்காரனைக் குறைகூறுவோருக்கு ஒரு வார்த்தை. சோளத்தின் ஈரப்பதன் நூற்றுக்குப் பதின்மூன்றளவுக்கும், கச்சானின் ஈரப்பதன் ஏழு எட்டு அளவுக்கும் இறங்கினால் பூஞ்சணம் வளராது. இதைக் கமக்காரனும் அறிவான். ஆனால் காயவைக்கக் களமின்றி, கடன்காரன் வாசலில் நிற்க, ஈரச் சோளத்துக்கும் உலர்ந்த சோளத்துக்கும் வியாபாரி ஒரே விலை கூறும்போது, நிறையை இழந்து காயவைக்க அவனுக்கென்ன பைத்தியமா? உலர்த்திக் கொணர்ந்தவனுக்குக் கூடிய விலை கொடுத்தால் நஞ்சில் பாதி களத்துமேட்டிலேயே ஒழியும்.

ஆகவே நாம் கோருவன இவை. குழந்தைகளின் உணவுக்கான அளவை எக்காரணங்கொண்டும் தளர்த்தலாகாது. சோளம் சேகரிக்கப்படும் இடத்திலேயே ஈரப்பதனும் நஞ்சும் சோதிக்கப்பட வேண்டும். திரிபோஷாவின் ஒவ்வொரு தொகுதிக்குமுரிய சோதனை முடிவு மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட்டு, அது வழங்கப்படும் சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மொனராகலையில் உலர்த்தும் களங்களும் இயந்திரங்களும் கூட்டுறவு முறையில் அமைய வேண்டும். மனிதருக்காகாதென்று ஒதுக்கிய தானியம் மாட்டுக்குப் போகாதிருக்கவும் வழி வேண்டும். பசு உண்ட நஞ்சு எம்1 என்னும் வடிவில் பாலில் மீண்டும் நம் வீட்டுக்கே வந்து சேரும். தோட்டத்துக் கடைகளையும் பரிசோதகர்கள் ஒழுங்காகப் பார்வையிட வேண்டும். தமிழிற் செய்த முறைப்பாட்டுக்குத் தமிழிலேயே பதில் வர வேண்டும்.

தாய்மாருக்கு

தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. இவ்வுரையைக் கேட்டு அஞ்சி நாளைக்கே திரிபோஷாவை நிறுத்திவிடாதீர்கள். பசியினால் வரும் கேடு நிச்சயமானது; இன்றே வருவது. பொதியை உலர்ந்த டப்பாவில் இறுக மூடி வையுங்கள். கட்டி பிடித்திருந்தாலோ மணம் மாறியிருந்தாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் திருப்பிக் கொடுத்துக் காரணம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கச்சானிற் கறுத்ததும் சுருங்கியதும் கசப்பதும் கண்டால் எறிந்துவிடுங்கள். கழுவினாலும் அவித்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முற்றாக அழியாது. அடுப்பின் சூட்டைத் தாங்கும் வல்லமை அதற்குண்டு. பூஞ்சணம் பிடித்த தேங்காயை வழித்தெடுத்துச் சம்பல் அரைக்க வேண்டாம். மிளகாயைத் தூளாக வாங்காது முழுதாக வாங்கினால் நல்லது கெட்டது கண்ணுக்குத் தெரியும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். லயத்துச் சுவரின் ஈரம் மூட்டையைத் தொட விடாதீர்கள்.

வெற்றிலைத் தட்டைப் பற்றியும் ஒரு சொல். பாக்கே வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமென்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. புகையிலை சேர்ந்தால் கேடு பெருகும். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. கொழுந்து பறிக்கையில் பசியை மறக்க வெற்றிலை போடுகிறோமென்பீர்கள். அப்பசியைத் தீர்ப்பது தோட்ட நிருவாகத்தின் கடமை; வெற்றிலையின் கடமையன்று.

இங்கு கூடியிருக்கும் படித்தவர்களிடம் ஒன்று கேட்கின்றேன். வைத்தியராயிருப்போர் ஈரல் நோயாளியிடம் அவன் என்ன குடித்தானென்று மட்டும் கேளாது என்ன உண்டானென்றும் கேட்டு எழுதிவையுங்கள். சட்டத்தரணிகள் உணவுச் சட்டத்தின் வாசகங்களை மக்களுக்குத் தமிழில் விளக்குங்கள். ஆசிரியர்கள் பூஞ்சணம் பிடித்த ஒரு கதிரை வகுப்பறைக்குக் கொண்டுசென்று காட்டுங்கள். தொழிற்சங்கத்தார் அடுத்த பேச்சுவார்த்தையின்போது கூலிக் கோரிக்கையின் கீழே உணவுச் சோதனைக்கென ஒரு வரி சேருங்கள்.

இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றேன்: குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்படும் உணவுக்கும் விலைக்கு விற்கப்படும் உணவுக்கும் நஞ்சளவு ஒன்றாகவே இருக்க வேண்டும், சோதனை முடிவுகள் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். இதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மலையிலும் சமவெளியிலும் கையெழுத்துச் சேர்த்து, சுகாதார அமைச்சுக்கும் மாகாண சபைக்கும் அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.